வெறுந்தாளைத் தேடிய வரலாறு



எழுதப்படாத தாளை நாம் வெறுந்தாள் என்கிறோம். கடையில் வாங்கி வந்த வெள்ளைத் தாளில், நாம் இட்ட மையைத் தவிர வேறு எதுவும் இராது. கணினித் திரையிலோ இந்த விதி செல்லாது. அங்கே வெறுந்தாள் என்று ஒன்று இயல்பாகக் கிடைப்பதில்லை. ஒரு தலைப்பையும் இரண்டு பத்திகளையும் ஒரு சிறு பட்டியலையும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதுங்கள். அவற்றின் தோற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இணைய உலாவி ஒன்றில் திறந்து பாருங்கள். முதற்பெருந்தலைப்பு, பத்தியின் எழுத்தைப் போல் இரு மடங்கு பெரிதாகத் தடித்து நிற்கும். பத்திக்கும் பத்திக்கும் இடையே ஒரு வரியளவு வெளி தோன்றும். பக்கத்தின் ஓரங்களில் 8 பிக்சல் அளவு விளிம்பு இருக்கும். பட்டியல் 40 பிக்சல் உள்ளே தள்ளி, ஒவ்வொரு வரிக்கும் முன்னே ஒரு கரும்புள்ளியுடன் அமர்ந்திருக்கும். நீங்கள் இவற்றுள் ஒன்றையும் கேட்கவில்லை. பின், இவற்றை ஏவியவர் யார்?

ஏவியது உலாவியே. ஒவ்வோர் உலாவியும் தனக்கென ஒரு பாணித்தாளை உள்ளே மறைத்து வைத்திருக்கிறது. எழுதுபவர் வாய் திறக்காத இடங்களில் எல்லாம் அதுவே பேசுகிறது. அந்தப் பேச்சை அடக்க முயன்றவர்களின் வரலாற்றையும், அடக்கியபின் நேர்ந்தவற்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன். சிறிய செய்திபோலத் தோன்றும். ஆயினும், ஒரு பக்கத்தின் தோற்றம் எழுதியவருக்கு உரியதா, படிப்பவருக்கு உரியதா, இடையே நிற்கும் பொறிக்கு உரியதா என்ற பெரிய வழக்கு இதனுள் அடங்கிக் கிடக்கிறது. தமிழைத் திரையில் படிக்கும் நமக்கும் அவ்வழக்கில் பங்கு உண்டு.

டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் 1989ஆம் ஆண்டில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலையின் திட்டத்தை எழுதி அளித்தார். 1990ஆம் ஆண்டின் இறுதியில் முதல் உலாவியை இயக்கிக் காட்டினார். அவர் கொண்ட கொள்கை எளியது. எழுதுபவர், ‘இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல்’ என்று பொருளின் தன்மையை மட்டும் குறித்தால் போதும். அது எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதைப் படிப்பவரின் கணினி பார்த்துக்கொள்ளும். அக்காலத்தில் உலகின் கணினிகள் பலவகைப்பட்டன. சிலவற்றில் படம் தோன்றும். சிலவற்றில் ஒரே அளவான எழுத்து மட்டும் தோன்றும். எல்லாவற்றிலும் ஒரே ஏட்டைப் படிக்கவேண்டும் என்றால், தோற்றத்தை அந்தந்தக் கணினியின் பொறுப்பில் விடுவதே அறிவுடைமை. இயல்புத் தோற்றம் பிறந்தது இவ்வாறுதான். அது யாருடைய சோம்பலாலும் பிறந்ததன்று. எங்கும் படிக்க முடியவேண்டும் என்ற நல்லெண்ணத்தால் பிறந்தது. இதை நீங்கள் மனத்தில் இருத்த வேண்டும். ஏனெனில், பின்னாளில் வந்தவர்கள் இதை அடிக்கடி மறந்தார்கள்.

1993ஆம் ஆண்டில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் என்னும் உலாவி வெளிவந்தது. பொதுமக்கள் வலைக்குள் நுழைந்தது இதன் வழியாகத்தான். 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் வந்தது. 1995ஆம் ஆண்டில் மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வந்தது. வணிகர்களும் பத்திரிகையாளர்களும் வலைக்கு வந்தவுடன், ‘என் தலைப்பு நடுவில் நிற்கவேண்டும், என் எழுத்து நீலமாக வேண்டும்’ என்று கேட்கத் தொடங்கினர். நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு அதற்கெனப் புதுப்புதுக் குறிகளைச் சேர்த்தன. பொருளைக் குறிக்க வந்த மொழிக்குள் ஒப்பனை புகுந்தது. ஒரு நூறு பக்கங்களில் தலைப்பின் நிறத்தை மாற்ற வேண்டுமானால், நூறு பக்கங்களையும் திறந்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது.

இந்தக் குழப்பத்துக்கு மருந்தாக ஹோகோன் வியூம் லீ என்னும் நார்வே நாட்டறிஞர், செர்னில் பணியாற்றியபோது, 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் ஒரு முன்மொழிவை வெளியிட்டார். தோற்றத்தைப் பற்றிய கட்டளைகளைத் தனித்தாளில் எழுதுவோம். பல தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கலந்து இறுதித் தோற்றத்தைத் தரட்டும் என்றார். டச்சு நாட்டவரான பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்தார். இருவரும் உழைத்ததன் பயனாக, சி.எஸ்.எஸ். எனப்படும் பாணித்தாள் மொழியின் முதல் நிலை 1996ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் உலகளாவிய வலைக் குழுமத்தின் பரிந்துரையாக வெளிவந்தது.

அம்மொழியின் பெயரிலேயே அருவி இருக்கிறது. குற்றாலத்துப் பேரருவியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டா. மேலிருந்து விழும் நீர் இடையே பொங்குமாங்கடல் என்னும் குழியில் விழுந்து, பொங்கி, பின்னர்க் கீழே இறங்குகிறது. அதுபோல, உலாவியின் தாள் முதலில் விழுகிறது. படிப்பவர் தமக்கென அமைத்த தாள் அதன்மேல் விழுகிறது. பக்கத்தை ஆக்கியவரின் தாள் அதற்கும் மேல் விழுகிறது. ஒரே செய்தியைப் பற்றி மூன்றும் பேசினால், பின்னே விழுந்தது வெல்லும். லீயின் முதல் முன்மொழிவில் இன்னும் நுட்பமான ஏற்பாடு ஒன்று இருந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் அருகில் அதன் வற்புறுத்தலை விழுக்காட்டில் எழுதலாம். எழுதியவர் 40 விழுக்காடு வற்புறுத்தினால், மீதி இடத்தைப் படிப்பவருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று பொருள். அழகான எண்ணம், நடைமுறையில் அது நிலைக்கவில்லை. பதிலாக, ‘இது முதன்மையானது’ என்று ஒரு முத்திரை இடும் வழி வந்தது. முதல் நிலையில், இருவருமே முத்திரை இட்டால் எழுதியவரே வெல்வார் என்று விதித்தார்கள். 1998ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்த இரண்டாம் நிலையில் அதைத் திருப்பிவிட்டார்கள். படிப்பவரின் முத்திரையே வெல்லும் என்றாயிற்று. கண்பார்வை குறைந்தவர் பெரிய எழுத்து வேண்டும் என்று கேட்டால், அதை எழுதியவர் மறுக்கக் கூடாதன்றோ? இத்துறையில் எடுக்கப்பட்ட முடிவுகளுள் இதனையே நான் உயர்ந்ததாகக் கருதுகிறேன்.

ஆனால், அடியில் கிடந்த தாளைப் பற்றி எவரும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. முதல் நிலையின் பிற்சேர்க்கையாகவும் இரண்டாம் நிலையின் பிற்சேர்க்கையாகவும் ஒரு மாதிரித் தாளை அச்சிட்டார்கள். அது வழிகாட்டியேயன்றிச் சட்டமன்று. உலாவிகள் தத்தம் வழக்கப்படியே நடந்தன.

வேறுபாடு எத்தகையது என்பதற்குப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஓப்பராவும் பட்டியலை உள்ளே தள்ளுவதற்குப் பெட்டியின் வெளிப்புற விளிம்பைப் பயன்படுத்தின. மொசில்லா வழியில் வந்த உலாவிகள் பெட்டியின் உட்புற இடைவெளியைப் பயன்படுத்தின. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், ‘என் பட்டியல் ஓரத்தோடு ஒட்டி நிற்கட்டும்’ என்று எண்ணி வெளி விளிம்பைச் சுழியாக்கினால், ஓர் உலாவியில் ஒட்டும். மற்றொன்றில் அசையாமல் நிற்கும். காரணம் அறியாத புதியவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். நான் பணியாற்றிய காலத்தில் பள்ளிக்குக் கணினிகள் வந்த புதிதில், மாணவர்கள் ஒரே பக்கத்தை இரண்டு உலாவிகளில் திறந்து வைத்து, ‘ஐயா, இது எங்கள் பிழையா, பொறியின் பிழையா?’ என்று கேட்பார்கள். இருவர் பிழையும் அன்று என்பதே விடை.

பெட்டியின் அகலத்தைக் கணக்கிடுவதிலும் பூசல் இருந்தது. ஒரு பெட்டிக்கு 300 பிக்சல் அகலம் என்றும், இரு பக்கமும் 20 பிக்சல் உள்வெளி என்றும், 5 பிக்சல் கரை என்றும் எழுதினால், விதிநூல்படி மொத்தம் 350 பிக்சல் வரும். விண்டோஸ் கணினியில் இயங்கிய ஐந்தாம் பதிப்பு எக்ஸ்புளோரரோ, உள்வெளியையும் கரையையும் அந்த 300க்குள்ளேயே அடக்கிவிடும். பிழை செய்தது எக்ஸ்புளோரர்தான் என்று அக்காலத்தில் எல்லாரும் குற்றம் சாட்டினார்கள். 2001ஆம் ஆண்டில் ஆறாம் பதிப்பு, விதிப்படி எழுதப்பட்ட பக்கங்களில் திருந்தி நடந்தது. ஆனால் வேடிக்கை என்னவெனில், கதவுக்கு அளவு சொல்லும்போது நிலையையும் சேர்த்துச் சொல்வதே தச்சருக்கு எளிது என்பதுபோல, அந்தப் பழைய கணக்கே கையாள எளிது என்று பின்னர் வந்தவர்கள் கண்டுகொண்டார்கள். பால் ஐரிஷ் 2012ஆம் ஆண்டில் அதனை எல்லாப் பெட்டிகளுக்கும் விதிக்குமாறு எழுதினார். இன்று எழுதப்படும் அடிப்படைத் தாள்கள் பெரும்பாலானவற்றில் அதுவே முதல் வரியாக நிற்கிறது. வழக்கில் தோற்றவர் வாழ்க்கையில் வென்றார் என்பது இதுதான் போலும்.

எங்கள் செட்டியார்பட்டியிலும் அடுத்துள்ள தளவாய்புரத்திலும் ஆயத்த ஆடை தைப்போர் பலர். அத்தொழிலை அறிந்தவர்களைக் கேட்டால், ஒரு துணி நனைந்தால் எவ்வளவு சுருங்கும் என்பது துணிக்குத் துணி மாறும் என்பார்கள். பருத்தித் துணியை வாங்கியவுடன் வெட்டித் தைத்துவிட்டால், முதல் சலவையில் ஒன்று இரண்டு விரற்கடை குறையும், மற்றொன்று குறையாது. ஆகவே கவனமுள்ள தையற்காரர், முதலில் துணியை நீரில் நனைத்து, உலர்த்தி, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டு, அதன் பின்னரே கத்தரிக்கோலை எடுப்பார். வலைப் பக்கங்களை ஆக்குவோருக்கும் இந்த எண்ணமே உதித்தது. உலாவிகள் சேர்ப்பவற்றை எல்லாம் முதலில் போக்கிவிடுவோம். எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்த பின் நம் வேலையைத் தொடங்குவோம் என்றார்கள்.

2004ஆம் ஆண்டில் இது எழுத்து வடிவம் பெற்றது. டான்டெக் செலிக் என்பவர், எச்.டி.எம்.எல்.-இன் தோற்றத்தை அவிழ்த்துவிடும் சிறு தாள் ஒன்றை வெளியிட்டார். இவர், மேக்கின்டோஷ் கணினிக்கென 2000ஆம் ஆண்டில் வந்த எக்ஸ்புளோரரின் வரைவுப் பொறியை உருவாக்கியவர். உலாவியின் உள்ளே இருப்பது என்ன என்பதை நன்கு அறிந்தவர். அதே ஆண்டில் ஆண்ட்ரூ கிரெஸ்பானிஸ் இன்னும் குறுகிய வழி ஒன்றைச் சொன்னார். ஒரே ஓர் உடுக்குறியை இட்டு, ‘எல்லாவற்றுக்கும் விளிம்பு சுழி, உள்வெளி சுழி’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்றார். அந்த ஒரு வரி காட்டுத்தீயெனப் பரவியது. ஆனால் அது கண்மூடித்தனமான வரி. பொத்தான்கள், எழுத்து நிரப்பும் கட்டங்கள் ஆகியவற்றையும் அது விட்டுவைக்கவில்லை. அவற்றுக்கு உலாவி தந்திருந்த ஒழுங்கு குலைந்தது. அதைத் திரும்பக் கட்டுவது கடினமாயிற்று. 2006ஆம் ஆண்டில் யாகூ நிறுவனம் தன் பக்கங்களுக்கென ஆக்கிய தாளைப் பொதுவில் வெளியிட்டது. அது உடுக்குறியை விட்டுவிட்டு, உறுப்புகளைப் பெயர் சொல்லி அழைத்தது.

இந்த வரிசையில் பெரும்புகழ் பெற்றது, 2007ஆம் ஆண்டில் எரிக் மேயர் வெளியிட்ட தாள். மேயர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தவர். பாணித்தாள் மொழியைப் பற்றிப் பல நூல்கள் எழுதியவர். அவர் தாள் மிகச் சிறியது. உறுப்புகளின் பெயர்களை நீளமாக அடுக்கி, விளிம்பு, உள்வெளி, கரை மூன்றையும் சுழியாக்கியது. தலைப்பு, பத்தி என்ற வேறுபாடின்றி எல்லா எழுத்துகளையும் ஒரே அளவாக்கியது. பட்டியலின் புள்ளிகளை நீக்கியது. மேற்கோளின் குறிகளை நீக்கியது. அந்தத் தாளைச் சேர்த்த பக்கத்தைத் திறந்தால், தலைப்பும் பத்தியும் பட்டியலும் ஒரே உருவில், சீருடை அணிந்த பிள்ளைகளைப்போல் வரிசையாக நிற்கும். அதுவே அவர் நோக்கம். உலாவிகள் ஒன்றுபடவேண்டும் என்பது மட்டும் அன்று அவர் சொன்ன காரணம். தலைப்பு பெரிதாக வருவதைப் பார்த்து, ‘இதுவே போதும்’ என்று ஆக்குபவர் இருந்துவிடக் கூடாது; ஒவ்வோர் உறுப்பையும் எப்படித் தோன்றச் செய்வது என்று தாமே எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய உள்ளக் கிடக்கை. தம் தாளை அப்படியே எடுத்து ஒட்டாமல், அவரவர் பணிக்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவைத்தார். 2011ஆம் ஆண்டு சனவரியில் இரண்டாம் பதிப்பை வெளியிட்டு, அதனைப் பொது உடைமையாகவே விட்டுவிட்டார்.

ஆசிரியர் சொன்னதில் பாதியைக் கேட்பது மாணவர் இயல்பு என்பதை நாற்பதாண்டு வகுப்பறை எனக்குக் கற்பித்திருக்கிறது. மேயரின் தாளை எடுத்தவர் பலர். எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பைப் படித்தவர் சிலர். இதனால் விளைந்த கேடு ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

சுட்டெலியைப் பிடிக்க இயலாதவர்கள் உலகில் உள்ளனர். கை நடுக்கம் உடையவர், விரல் இழந்தவர், சுட்டியின் சிறு அம்பைக் கண்ணால் தொடர முடியாதவர் முதலியோர் விசைப்பலகையைக் கொண்டே பக்கத்தில் நடமாடுகிறார்கள். டேப் என்னும் விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும், ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புக்குத் தாவலாம். தாம் நிற்கும் இடம் எது என்று அவர்களுக்குத் தெரிவதற்காக, அந்த உறுப்பைச் சுற்றி உலாவி ஒரு மெல்லிய கோட்டை வரைகிறது. அவர்களுக்கு அந்தக் கோடுதான் கைவிளக்கு. மேயரின் 2007ஆம் ஆண்டுத் தாள் அந்தக் கோட்டையும் நீக்கியது. நீக்கிய வரியின் அருகிலேயே, ‘இதற்கு மாற்றாக ஒன்றைக் கட்டாயம் அமைத்துவிடுங்கள்’ என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருந்தது. குறிப்பைப் பலர் கவனிக்கவில்லை. கோடு போனது போனதுதான். இரண்டாம் பதிப்பில் அவர் அந்த வரியையே எடுத்துவிட்டார். ஆயினும் பழைய பதிப்பின் படிகள் உலகெங்கும் பரவிவிட்டன.

என் பழைய மாணவர் ஒருவருக்கு இளமையிலிருந்தே கைகளில் நடுக்கம் உண்டு. ஒரு நிறுவனத்தின் வேலை விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப அவர் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முயன்றார். டேப் விசையை அழுத்துகிறார். எங்கே நிற்கிறோம் என்று திரை காட்டவில்லை. எண்ணி எண்ணி அழுத்தினார்: ஏழாவது அழுத்தலில் பெயர், எட்டாவதில் பிறந்த நாள். ஓர் எண்ணிக்கை தவறியதால், அனுப்பும் பொத்தானுக்கு மாறாக அழிக்கும் பொத்தானை இயக்கிவிட்டார். அரை மணி நேர உழைப்பு மறைந்தது. இரண்டாம் முறை நிரப்ப நான் உதவினேன். அழகுக்காக ஒரு கோட்டை அழித்தவர், தம்மால் ஒருவர் இப்படி இடர்ப்பட்டார் என்று அறிந்திருக்கவே மாட்டார்.

இனித் தமிழுக்கு வருவோம்.

தமிழ் வலைக்கு வந்தது 1990களின் நடுவில். 1995ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோரின் முயற்சியால் தமிழ் எழுத்து வலைப் பக்கத்தில் தோன்றியது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களை மின்னேடுகளாக்கினார். யூனிகோடு என்னும் உலகக் குறியேட்டின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் இருந்தது உண்மை; ஆயினும் அதைக் காட்ட வல்ல கணினிகள் நம் மேசைக்கு வர நாளாயிற்று. விண்டோஸ் 2000 என்னும் இயங்குதளம் லதா என்ற எழுத்துருவுடன் வந்தது. அதற்கு முன்பும், அதற்குப்பின் சில ஆண்டுகளும், நம்மவர் வேறு வழியைக் கையாண்டனர். ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய அறைகளில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றிய எழுத்துருக்களை ஆக்கினர். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு இவற்றை ஒழுங்குபடுத்தவே கூடியது. ஆயினும் இதழுக்கு ஓர் எழுத்துரு என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

அத்தகைய பக்கத்தில் எழுத்துருவின் பெயர் ஒப்பனையன்று; அதுவே உயிர். ‘இந்த எழுத்துருவால் காட்டு’ என்று குறித்தால் தமிழ் தோன்றும். அந்தக் குறிப்பு தோற்றுவிட்டால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல் தோன்றும். மேயரின் முதல் தாள் அடுக்கிய உறுப்புகளின் பட்டியலில், எழுத்துருவைக் குறிக்கும் பழைய குறியும் இடம் பெற்றிருந்தது. அவை எல்லாம் தம் தாய் உறுப்பின் எழுத்துருவையே ஏற்க வேண்டும் என்றும் அது விதித்தது. பாணித்தாளின் சொல்லுக்கு முன் குறியின் சொல் நில்லாது என்பது விதி. ஆகவே, அவ்வாறு ஆக்கிய தமிழ்ப் பக்கம் ஒன்றில் அந்தத் தாளைச் சேர்த்தால், கட்டுரை முழுவதும் ஒரே நொடியில் குப்பையாகிவிடும். ஆங்கிலத்துக்குத் துடைப்பமாக வந்தது, தமிழுக்கு வெள்ளமாகக் கூடும். யூனிகோடு நிலைபெற்றபின் இந்த இடர் நீங்கியது. தமிழ்நாட்டரசும் 2010ஆம் ஆண்டு சூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த காலத்தையொட்டி, யூனிகோட்டை அரசுத் தரமாக ஏற்றது.

மற்றோர் இடர் இன்றும் நீங்கவில்லை. வரியின் உயரம் எழுத்தின் அளவுக்குச் சமம் என்று மேயரின் இரு பதிப்புகளும் விதித்தன. ஆங்கில எழுத்துக்கு அது நெருக்கமே ஆயினும் தாங்கும். தமிழுக்கு இரு புறமும் இடம் வேண்டும். ‘கீ’, ‘வீ’ என்பவற்றின் சுழி மேலே எழும். ‘ழு’, ‘மூ’, ‘ணு’ என்பவற்றின் வால் கீழே இறங்கும். மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் மோதிக்கொண்டால் கண் இடறும். ஈய எழுத்தில் அச்சுக் கோத்த காலத்தில், கோப்பவர் வரிக்கும் வரிக்கும் இடையே மெல்லிய ஈயத் தகட்டைச் செருகுவார். தமிழ் நூல்களில் அந்தத் தகட்டின் அருமையைப் பழைய அச்சகத்தார் நன்கு அறிவார்கள். திரையில் அந்தத் தகட்டை உருவிவிட்டது போன்றது இந்த விதி. தமிழ்ப் பக்கத்துக்கு வரியின் உயரம் எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையலாகாது என்பது என் கருத்து. நீண்ட கட்டுரைகளுக்கு ஒன்றே முக்கால் மடங்கு இருப்பினும் மிகையன்று.

ஆனால் அதே தாள் நமக்கு ஒரு நன்மையும் செய்தது. நடுநிலையோடு அதையும் சொல்ல வேண்டும். ஒரு சொல்லை வலியுறுத்த, உலாவி அதைச் சாய்த்துக் காட்டும். சாய்வெழுத்து ஐரோப்பிய அச்சு மரபில் பிறந்தது. தமிழ் அச்சில் அம்மரபு வேரூன்றவில்லை. சாய்ந்த வடிவத்தைத் தனியே வரைந்து வைத்த தமிழ் எழுத்துருக்களும் அருமை. அங்ஙனம் இல்லாதபோது உலாவி நேர் எழுத்தையே பிடித்து வலப்புறம் தள்ளிவிடும். ‘ஞ’வும் ‘ஐ’யும் காற்றில் சாய்ந்த வாழைபோல நிற்கும். இயல்பைத் துடைத்த தாள் இந்தச் சாய்வையும் துடைத்தது. நிமிர்ந்த எழுத்தையே தடித்துக் காட்டுவதற்கு இடம் தந்தது.

துடைப்பது மட்டும் தீர்வாகாது என்ற எண்ணம் வலுப்பெற்றபோது, நிக்கோலஸ் கல்லாகர், ஜோனதன் நீல் என்னும் இருவர் வேறு பாதையில் சென்றனர். அவர்கள் 2011ஆம் ஆண்டில் உருவாக்கி வெளிக்கொணர்ந்த தாளின் பெயர் நார்மலைஸ். எல்லாவற்றையும் அழிக்காமல், உலாவிகள் எங்கே வேறுபடுகின்றன என்று தேடி, அந்த இடங்களை மட்டும் ஒரே நிலைக்குக் கொணர்வது அவர்கள் முறை. தலைப்பு பெரிதாகவே இருக்கட்டும், பட்டியலுக்குப் புள்ளி இருக்கட்டும், டேப் விசையின் கோடு இருக்கட்டும். ஆனால் எல்லா உலாவியிலும் ஒன்றாக இருக்கட்டும் என்றார்கள். இதற்கென நூற்றுக்கணக்கான மணி நேரம் ஒப்பிட்டு ஆராய்ந்ததாக எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் அருகில், அது எந்த உலாவியின் எந்தக் குறையைத் திருத்துகிறது என்று குறிப்பு எழுதினார்கள். அந்தக் குறிப்புகளுக்காகவே அதைப் பாடநூல்போலப் படிக்கலாம். பால் ஐரிஷ், திவ்யா மணியன் முதலியோர் 2010இல் தொடங்கிய எச்.டி.எம்.எல்.5 பாய்லர்பிளேட் என்னும் தொடக்கக் கட்டு, 2011ஆம் ஆண்டிலேயே துடைக்கும் தாளை விட்டு நார்மலைஸுக்கு மாறியது.

எங்கள் தந்தையார் காலத்தில் படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. சந்தைக்குச் செல்பவர் ‘எந்த ஊர்ப் படி?’ என்று கேட்டுத்தான் நெல்லை அளக்கச் சொல்வார். 1956ஆம் ஆண்டில் எடை அளவுகளின் தரத்துக்கான சட்டம் வந்து, முத்திரையிட்ட ஒரே அளவு நாடெங்கும் வந்தது. அளப்பதையே நிறுத்திவிட வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. அளவு ஒன்றாக வேண்டும் என்றே சொன்னார்கள். இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. என்னைக் கேட்டால், தமிழ்ப் பக்கம் ஆக்கப் புகும் மாணவர் நார்மலைஸ் வழியிலேயே தொடங்கலாம் என்பேன். ஆனால் அதன் பிற்காலப் பதிப்புகள் வரியின் உயரத்தை 1.15 என்று வைத்தன. தமிழ் எழுதுபவர் அந்த ஓர் எண்ணை மட்டும் தாமே உயர்த்திக்கொள்ள வேண்டும்.

இவ்விரு மரபுகளும் இன்று கலந்துவிட்டன. பூட்ஸ்டிராப் என்னும் கட்டமைப்பு, 2018ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் பதிப்பில் ரீபூட் என்ற தன் அடிப்படைத் தாளைத் தந்தது. டெயில்விண்ட் என்னும் மற்றொன்று ப்ரீஃபிளைட் என்ற பெயரில் தலைப்பையும் பட்டியலையும் மீண்டும் முழுமையாகத் துடைக்கிறது. உலாவிகளோ முன்பைவிட ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. இயல்புத் தோற்றம் எப்படி இருக்க வேண்டும் என்று எச்.டி.எம்.எல். விதிநூலிலேயே ஒரு பகுதி வந்துவிட்டது. மைக்ரோசாப்டின் எட்ஜ் உலாவி 2020ஆம் ஆண்டு சனவரியில் கூகிளின் குரோமியப் பொறிக்கு மாறியது. 2022ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள், இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஆதரவு விண்டோஸின் பெரும்பாலான பதிப்புகளில் முடிவுற்றது. ஆகவே அடிப்படைத் தாள்களும் மெலிந்துவருகின்றன. பத்துப் பன்னிரண்டு வரிகளே போதும் என்போர் பெருகியுள்ளனர். துடைத்ததைத் திரும்பப் பெறவும் இப்போது வழி உண்டு. ‘திரும்பு’ என்ற பொருளில் அமைந்த ஒரு சொல்லை எழுதினால், அந்த உறுப்பு உலாவியின் இயல்புக்கே மீளும்.

மூவருள் இளைத்துப் போனவர் படிப்பவரே. அவர் தமக்கெனப் பாணித்தாள் அமைக்கும் வசதியைக் குரோம் உலாவி 2014ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. 1998ஆம் ஆண்டு விதிநூல் அவருக்கு அளித்த முத்திரை நூலில் அப்படியே இருக்கிறது; அதை இடுவதற்குக் கருவியைத் தேடி அவர் தனித்துணைநிரல்களை நாட வேண்டியிருக்கிறது.

கல்லூரியிலோ வீட்டிலோ கணினி உடையவர்கள் இதனை நேரிலேயே கண்டுகொள்ளலாம். குரோம் உலாவியில் யாதொரு பக்கத்தையும் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கத்தில் அதற்குரிய கட்டளைகள் வரிசையாகத் தோன்றும். கீழே செல்லச் செல்ல, பக்கத்தை ஆக்கியவரின் கட்டளைகள் முடிந்து, ‘யூசர் ஏஜென்ட்’ பாணித்தாள் என்று சாய்ந்த எழுத்தில் ஒரு குறிப்பு வரும். அதுதான் உலாவியின் உட்தாள். அதன் வரிகளுட் சில குறுக்கே அடிக்கப்பட்டிருக்கும். அவை பின்னே விழுந்த தாளிடம் தோற்றவை. அடிக்கப்படாமல் நிற்பவை எவை என்று எண்ணிப் பாருங்கள். பிறகு டேப் விசையை ஐந்தாறு முறை அழுத்தி, அந்தக் கோடு உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.